அஞ்சு நிமிஷக் கைமாத்து

மண்ணூர் கனகம் கம்பெனிக்குள்ளேயே வட்டிக்கு விடுகிறாள் என்ற செய்தி, கம்பெனி பேருந்துக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. பேருந்து ஒரகடம் கூட்டுரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் முக்கிக்கொண்டிருந்த நேரத்தில், செய்தி மண்ணூர் மளிகைக் கடையில் உட்கார்ந்து பொட்டுக்கடலை கொறித்துக்கொண்டிருந்தது. கனகம் வாசலில் செருப்பைக் கழற்றியபோது நாத்தனார் சசிகலா கையில் காபியோடு நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சசிகலா அவளுக்குக் காபி கொடுத்தது இதுதான் முதல் தடவை.

கனகம் திரும்பித் தன் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

"உங்களுக்குத்தான் அண்ணி. களைச்சிப்போய் வந்துகிறீங்க."

"எனக்கா? இன்னாடி விசேஷம்?"

"விசேஷம்லாம் ஒன்னும் இல்ல. பையன் ஒரு பைக்கு பாத்து வச்சிகீறான். முன்பணம் மட்டும் நீங்க கொஞ்சம் கைமாத்தா குடுத்தீங்கன்னா…"

கனகம் சிரித்துவிட்டாள். சசிகலா சிரிக்கவில்லை. கனகத்தின் புருஷன் ரகுபதி, மண்ணூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அவனும் சிரிக்கவில்லை.

"பேட்டரி மாத்தணும்னு நாயா கத்தினேன். துட்டு இல்லன்னுட்ட. ஊருக்கெல்லாம் வட்டிக்கு உட மட்டும் எங்கர்ந்து வந்துச்சி? எங்க வச்சிகினுகீற?"

"அரிசி ட்ரம்முல. போய் எடுத்துக்கோ" என்றாள் கனகம்.

அன்று ராத்திரி ரகுபதி உண்மையாகவே ட்ரம்முக்குள் கை விட்டுப் பார்த்தான்.

வதந்தியில் ஒரு சௌகரியம் உண்டு. அதை விசாரிக்கப் போகிறவருக்கு வழிநெடுகத் தேநீர் கிடைக்கும். விசாரித்துப் பார்ப்போம். அதற்கு முன்னால் ஆளைத் தெரிந்துகொள்வது நல்லது.

கனகத்தின் மாமனார் வீட்டு நிலம் கம்பெனிகளுக்கு வழிவிட்ட காலத்தில், வீட்டுக்கு ஒரு வேலை என்று சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. சொன்னது மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. வேலையும் வந்தது, ஒப்பந்தக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு. ஒன்பது வருடத்தில் ஒப்பந்தக்காரர்கள் மூன்று பேர் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் கனகம் சனிக்கிழமை பழைய ஆளாக வெளியே போய், திங்கட்கிழமை புது ஆளாக உள்ளே வந்தாள். சட்டை முதலில் நீலம், பிறகு பச்சை, இப்போது ஒரு மாதிரியான மாம்பழ நிறம். மூன்று சட்டையும் ஒரே வியர்வையைத்தான் குடித்தன. கம்பெனிக் கணக்கில் அவளுக்கு இன்றைய தேதியில் அனுபவம் ஏழு மாதம்.

கம்பெனி செய்வது, கார் ஓட்டுகிறவர்கள் கண்ணில் பட்டிராத ஒரு பொருள்: காருக்குள் நரம்பு மாதிரி ஓடும் வயர்க் கட்டு. பெரிய பலகைகள் வரிசையாக நகர்ந்துகொண்டே வரும். வழியில் பெண்கள் நிற்பார்கள். ஒருத்தி சிவப்பு வயரைச் சொருகுவாள், அடுத்தவள் நீலத்தை, அதற்கடுத்தவள் டேப் சுற்றுவாள். ராட்டினம் மாதிரிதான். ராட்டினத்தில் ஏறினவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், இங்கே அது கிடையாது. ஒருத்தி தன் இடத்தை விட்டு நகர்ந்தால் அவள் வயர் விட்டுப்போகும், சிவப்பு விளக்கு எரியும், மணி அலறும், லைன் நிற்கும். லைன் நின்றால் முதலில் சூப்பர்வைசர் ஓடி வருவார், அவருக்குப் பின்னால் இன்ஜினியர், அவருக்குப் பின்னால் ஒரு மின்னஞ்சல்.

சேர்ந்த புதிதில் கனகமும் இப்படி ஒரு இடத்தில்தான் நின்றாள். ஆனால் அவளுக்கு வாய் நிற்காது. பக்கத்தில் இருப்பவளைச் சிரிக்க வைத்து, சிவப்பு போக வேண்டிய ஓட்டையில் நீலத்தைப் போட வைத்துவிடுவாள். சூப்பர்வைசர் ராஜசேகர் அவளை அடுத்த இடத்துக்கு மாற்றினார். சிரிப்பும் கூடவே மாறிப்போனது. மறுபடி மாற்றினார். இப்படி லைன் முழுக்க ஒரு சுற்று வந்த பிறகு, எந்த இடத்திலும் நிறுத்தி வைக்க லாயக்கில்லை என்று ஒரு தள்ளுவண்டியைக் கொடுத்து, டேப் சுருள் தீரத் தீரக் கொடுத்துக்கொண்டு சுற்றி வரச் சொன்னார். அவர் கொடுத்தது தண்டனை. லைனில் எந்த இடத்திலும் நிற்கத் தெரிந்த ஒருத்தியைக் காலில் சக்கரத்தோடு அவிழ்த்துவிட்டிருக்கிறோம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

முன்பெல்லாம் லைனுக்கு ஒரு ரிலீவர் இருந்தாள். பாத்ரூம் போகிறவர்களுக்குப் பதிலாக நிற்பதுதான் அவள் வேலை. செலவு குறைப்பு என்று ஒரு காற்று அடித்தபோது அந்த வேலை பறந்துபோனது. அதற்குப் பதில் ராஜசேகரின் மேசையில் ஒரு பிளாஸ்டிக் அட்டையை மாட்டினார்கள். அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும், போன நேரமும் வந்த நேரமும் பதிவாகும், லைனுக்கே அட்டை ஒன்றுதான். பெண்கள் இதற்கு ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கனகமும் நிறுத்தினாள். ஒரு சித்திரை மாதம், நீர்க்கடுப்பும் குளிர்ஜுரமுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டரம்மா கேட்டார்: "தண்ணியே குடிக்க மாட்டியாம்மா?"

"குடிப்பேன் மேடம். ஞாயித்துக்கெழமன்னா குடிப்பேன்."

டாக்டரம்மா அதை நகைச்சுவை என்று நினைத்தார்.

திரும்பி வந்த வாரம், கனகம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகையில் ஒரு பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் கட்ட, வயர் சொருகிக்கொண்டிருந்தாள். கனகம் அவளை இடுப்பால் ஒரு இடி இடித்தாள். "நவுருடி. கை மாத்தி வுடு. ஓடு." பலகை நகர்ந்தது, கனகத்தின் கை சொருகியது, விளக்கு எரியவில்லை. அவ்வளவுதான் ஆரம்பம்.

கை மாத்தி விடுவது நாளடைவில் கைமாத்து ஆயிற்று. ஊரில் அவசரத்துக்கு வாங்கித் திருப்பிக் கொடுக்கும் சில்லறைக் கடனுக்கும் அதுதானே பெயர், பொருத்தமாகவே இருந்தது. வேண்டும் என்கிறவள் மஞ்சள் டேப்பில் ஒரு துண்டு கிழித்து இடது தோளில் ஒட்டிக்கொள்வாள். கனகம் வந்து நிற்பாள். கடன் என்றால் வட்டி உண்டு. போய்விட்டு வருகிறவள் ஒரு கதை சொல்ல வேண்டும்: ஹாஸ்டலில் யார் யாரோடு சண்டை, யாருக்கு எங்கிருந்து போன் வருகிறது, அம்மாவிடம் சொன்ன புதுப் பொய் எது. லைனில் பலரும் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவர்கள். கனகம் அந்தப் பக்கம் போனதே கிடையாது. ஆனால் அங்கே எந்தத் தெருவில் யார் வீட்டுக்கு யார் போவதில்லை என்பது அவளுக்கு அத்துப்படி. "வட்டி கட்டாதவளுக்கு அடுத்த கைமாத்து கெடையாது" என்று கறாராகச் சொல்வாள். சொல்வதோடு சரி.

ராஜசேகருக்கு இது தெரியாமலில்லை. அவர் லைன்தான் ஷெட்டிலேயே குறைவான தடவை நின்றது. ஒரு நாள் கனகத்தைத் தூணோரம் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் எதையும் பாக்கல. நான் பாக்காதத நீயும் பாக்காத."

"நீங்க எதப் பாக்கலன்னு சொன்னாத்தானே சார், நான் அத்தப் பாக்காம இருக்க முடியும்?"

"போம்மா, போய் டேப்பக் குடு."

அந்த லைனில் பெண்கள் மறுபடி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்கள். குன்றத்தூரில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்த செல்வலட்சுமி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். அவள் அறையில் வேறு வேறு கம்பெனிக்குப் போகிறவர்கள் உண்டு. ஒருத்தி தன் கம்பெனி பஸ்ஸில் ஏசி இருப்பதைச் சொல்வாள், இன்னொருத்தி கேன்டீனில் வாரம் ரெண்டு தடவை சிக்கன் என்பாள். "உங்க கம்பெனியில என்ன இருக்கு?" என்று கேட்டால் செல்வலட்சுமி சொல்வாள்: "நாங்க தண்ணி குடிச்சிட்டு வேலைக்குப் போவோம்டி." மற்றவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இனி விசாரணைக்கு வருவோம்.

மறுநாள் காலை கனகம் பேருந்திலேயே ஆரம்பித்தாள். வட்டிக்கு விடுகிறவள் ஏறியதும் ஜன்னல் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். இதுவும் முதல் தடவைதான். யார் சொன்னது என்று கேட்டால், கேன்டீனில் பேசிக்கொண்டார்கள் என்றார்கள். கேன்டீனில் கேட்டால், எச்.ஆர். அறைக்கு டீ கொண்டுபோனவர் காதில் விழுந்தது என்றார்கள். அந்த அறைக்கு அந்தப் பேச்சு எப்படிப் போனது? லைனுக்குள் போகுமுன் தொப்பி மாட்டும் அறையில் செல்வலட்சுமி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயையோ அக்கா, அது நாந்தான்!"

கனகம் இடுப்பில் கை வைத்தாள். "நீயா? என் பேர்ல பைனான்ஸ் கம்பெனி தொறந்தது நீதானாடி?"

நடந்தது இது. வேலை செய்ய உகந்த இடம் என்று ஒரு விருது இருக்கிறது. அதற்காகச் சென்னையிலிருந்து ஆட்கள் வந்து, தொழிலாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார்கள். என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று எச்.ஆர். மேனேஜர் சிவசங்கர் முந்தின நாளே சொல்லிக் கொடுத்திருந்தார். பாதுகாப்பு, மரியாதை, பேருந்து வசதி. செல்வலட்சுமியின் முறை வருவதற்குள் இந்த மூன்றையும் எல்லாரும் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். சொன்னதையே மறுபடி போய்ச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கேட்டவன் தாடி வைத்த ஒரு பையன். மடியில் டேப்லெட். "இந்தக் கம்பெனில உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் எது?"

"கைமாத்து கெடைக்கும் சார்."

பையன் நிமிர்ந்தான். "கம்பெனி கொடுக்குமா?"

"கம்பெனி எங்க குடுக்கும்? கனகக்கா தருவாவ. வாயத் தொறந்து கேக்கக்கூட வேண்டாம். மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவாவ."

"எல்லாருக்குமா?"

"ஆத்திர அவசரம்னா ஆருக்கும் உண்டும்."

"வட்டி ஏதாவது…"

செல்வலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வட்டி இல்லாம விடுவாவளா? அதுல மட்டும் அக்கா கறாரு."

"கட்டலைன்னா?"

"அடுத்த மட்டம் கெடையாதுன்னு மெரட்டுவாவ. சும்மாதான்."

பையன் 'மிரட்டுவார்' என்று தட்டிக்கொண்டான். 'சும்மாதான்' அவன் காதில் விழவில்லை, அல்லது அதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

தொப்பி அறையே சிரித்தது. கனகம்தான் அதிகம் சிரித்தாள். செல்வலட்சுமிக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. "நான் வேணா சாருட்டப் போயி அது துட்டு இல்லன்னு சொல்லிட்டு வரட்டா அக்கா?"

"சும்மா கெட. ரெண்டு நாள் போனா அவங்களே மறந்துடுவாங்க. எனக்கும் அதுவரிக்கும் ஜன்னல் சீட்டு கெடைக்கும்."

அன்றைக்கு நல்ல வெயில். தகரக் கூரை மேலிருந்து காய்ந்தது, ஆளாளுக்கு அரை பாட்டில் தண்ணீர் உள்ளே போயிருந்தது. பகல் சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருக்கையில் செல்வலட்சுமியின் இடது தோளில் மஞ்சள் துண்டு ஒட்டிக்கொண்டது. கனகம் வண்டியை ஓரம் கட்டி, அவள் பக்கத்தில் போய், கையைக் கூட நீட்டிவிட்டாள். அப்போது பின்னாலிருந்து ராஜசேகர் கூப்பிட்டார். குரல் சரியாக இல்லை.

"கனகம், எச்.ஆர். கூப்பிடறாரு. ஒடனே வரணுமாம். என்னையும்."

கனகம் செல்வலட்சுமியின் தோளைத் தட்டினாள். "அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கடி. போன காலோட வந்துடறேன்."

"சரிக்கா. சீக்கிரம் வந்துருங்க."

சிவசங்கரின் அறை கண்ணாடி அறை. உள்ளே குளிர். சுவரில் 'நாம் ஒரே குடும்பம்' என்று எழுதியிருந்தது, அதற்குக் கீழே படத்தில் வேறு நாட்டுக் குடும்பம் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

"உட்காருங்கம்மா. பயப்படாதீங்க. இது விசாரணை எல்லாம் இல்ல, சும்மா பேசத்தான்" என்றார் சிவசங்கர். கெட்ட மனிதர் இல்லை. யாரையும் 'ங்க' போடாமல் கூப்பிட மாட்டார். "ரிப்போர்ட்டுல ஒரு விஷயம் வந்திருக்கு. ஷாப் ஃப்ளோர்ல நீங்க கைமாத்து கொடுக்கிறதா. உண்மையா?"

கனகத்துக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. "சார், அது துட்டு இல்ல சார்" என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லப்போகும் வார்த்தை அவளுக்கு முன்னால் நடந்துபோய் மூலை திரும்புவதைப் பார்த்தாள்.

துட்டு இல்லையென்றால் வேறென்ன என்று கேட்பார். அவங்க இடத்தில் நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும். டேப் கொடுக்கும் வண்டிக்காரிக்கு அதற்கு நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்பார். அவ்வளவு லேசான வேலைக்கு ஒரு ஆள் எதற்கு என்று கேட்பார். எடுத்துவிட்ட ரிலீவர் வேலையை யார் உத்தரவில் நடத்துகிறீர்கள் என்று கேட்பார். கனகம் ஓரக்கண்ணால் ராஜசேகரைப் பார்த்தாள். அவர் தலைக்கு மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் மின்விசிறி கிடையாது.

துட்டு என்றால் கனகம் ஒருத்தியின் தப்பு. நின்றாள் என்றால் லைன் முழுக்கத் தப்பு. நாளையிலிருந்து யாரும் தண்ணீர் குடிக்க முடியாது.

வாயை மூடினாள். திரும்பத் திறந்தாள்.

"ஆமா சார். குடுத்தேன்."

ராஜசேகர் விசிறியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"எவ்வளவு கொடுப்பீங்க?"

"அவங்கவங்க அவசரத்துக்குத் தக்கன சார். ஒருத்திக்கு அஞ்சு. ரொம்ப முடியாதவளா இருந்தா பத்து."

சிவசங்கர் 'ஆயிரம்' சேர்த்து எழுதிக்கொண்டார். "வட்டி?"

"உண்டு சார். எல்லாம் வாயாலதான்."

"வாய்மொழி ஒப்பந்தம்" என்று தலையாட்டினார். ராஜசேகருக்கு இருமல் வந்தது.

"யார் யாருக்குக் கொடுத்திருக்கீங்க? பேர் சொல்லுங்க."

"அத்த மட்டும் கேக்காதீங்க சார். வாங்கினவளுக்கு மானம்னு ஒன்னு கீதுல்ல?"

சிவசங்கருக்கே அவள் மேல் ஒரு மரியாதை வந்தது. ஒரு தாளை எடுத்து, விருது நேரம், பெரிதுபடுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்துவிட்டால் இத்தோடு விட்டுவிடலாம் என்றார். அவர் சொல்லச் சொல்ல கனகம் எழுதினாள்: இனிமேல் கம்பெனி வளாகத்துக்குள் யாருக்கும் கைமாத்து கொடுக்க மாட்டேன். பாதி வரியில் பேனா நின்றது. அவர் நினைத்த அர்த்தத்தில் அது பொய். எழுதியிருந்த எழுத்தில் அது உண்மையாகிவிடும் போலிருந்தது. எழுத்துதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று கையெழுத்துப் போட்டாள்.

"நல்லதும்மா. இன்னொன்னு. கடன் வாங்கினவங்க கண்ணு முன்னாடி நீங்க நடமாடினா அவங்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். உங்கள பேக்கிங் ஷெட்டுக்கு மாத்திடறோம். இப்பலேர்ந்தே."

இந்த மூலைக்கு அவள் கணக்கு போய்ப் பார்க்கவில்லை.

"சார், சார். ஒரே ஒரு தபா லைனுக்குப் போய்ட்டு வந்துடறேன் சார். ஒருத்திக்கு அஞ்சு பாக்கி கீது, அவ நின்னுகினுகீறா…"

சிவசங்கர் புன்னகைத்தார். "வசூல் எல்லாம் வெளியில வச்சுக்கோங்கம்மா."

பேக்கிங் ஷெட் முற்றத்துக்கு அந்தப் பக்கம். அங்கே பலகை எதுவும் நகராது. அட்டைப் பெட்டியை மடிக்க வேண்டும், ஒட்ட வேண்டும். கழிப்பறை கூப்பிடு தூரத்தில். யாரும் யாரையும் கேட்காமல் போய்விட்டு வரலாம். முதல் நாள் கனகம் அங்கே உட்கார்ந்து எழுந்தபோது, அந்த வசதிக்கு அவள் யாருக்கும் வட்டி கட்ட வேண்டியிருக்கவில்லை.

லைனில் அன்றைக்கு நடந்ததை அவளுக்குச் சொன்னவள் லைன் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி ஜோதி. செல்வலட்சுமி ஓடவில்லை. அக்கா வந்துவிடுவாள் என்று நின்றாள். அட்டையை வேறு யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். பலகை ஒன்று போயிற்று, அடுத்தது வந்தது. சிவப்பு விளக்கு கடைசி வரைக்கும் எரியவில்லை. "அப்பறம் ஷிப்ட் முடியற வரிக்கும் துப்பட்டாவ இடுப்புல சுத்திகினு நின்னுச்சி அந்தப் பொண்ணு" என்றாள் ஜோதி. வாய் நிற்காதவள் அன்று பேருந்தில் ஊர் வரும்வரை பேசாமல் வந்ததை, துட்டு எங்கோ மாட்டிக்கொண்டது என்று மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள்.

டேப் கொடுக்க லைனில் தானாக ஓடும் வண்டி ஒன்று வந்தது. தரையில் போட்ட கோட்டின் மேல், ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே போகும். முதல் சில நாள் பெண்கள் விளையாட்டுக்குத் தோளில் மஞ்சள் துண்டை ஒட்டிக்கொண்டு அதற்குச் சலாம் வைத்தார்கள். வண்டி அதுபாட்டுக்குப் போயிற்று. பாட்டில்களில் தண்ணீர் குறையாமல் வீடு திரும்ப ஆரம்பித்தது.

விருதும் வந்தது. கிடைக்காமல் போயிருக்கும், கடைசி நேரத்தில் ஒரு விஷயம் கைகொடுத்தது என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். பணியிடத்தில் பரவிக்கொண்டிருந்த கடன் தொல்லையை நிர்வாகம் ஒரே நாளில், யார் மனமும் புண்படாமல் தீர்த்து வைத்ததாம். அதற்குத் தனி மதிப்பெண்ணாம். இது வதந்தியா என்று கனகம் விசாரிக்கப் போகவில்லை.

முற்றத்தில் ஷாமியானா போட்டு, எல்லா ஷெட்காரர்களுக்கும் பிரியாணி போட்டார்கள். ஆளுக்கு ஒரு பரிசும் கொடுத்தார்கள். பளபளப்பான எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், மேலே கம்பெனி பெயர். சிவசங்கர் மைக்கைப் பிடித்தார். "வெயில் காலம். எல்லாரும் நிறைய தண்ணி குடிங்க. உங்க ஆரோக்கியம்தான் எங்க சொத்து."

பெண்கள் பக்கம் பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது. அது யார் சிரிப்பு என்று ராஜசேகருக்குத் தெரியும். அவர் அதையும் பார்க்கவில்லை.

கூட்டம் கலைகையில் கனகம் செல்வலட்சுமியைத் தேடிப் பிடித்தாள். செல்வலட்சுமி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நல்ல மூடி அக்கா. காத்துப் போவாது. அம்மை கடலைமிட்டாய் குடுத்துவிட்டா, இதுல போட்டு வச்சா நமுக்காதுல்லா?"

"தண்ணி ஊத்திக்கலியாடி?"

"ஞாயித்துக்கெழம குடிச்சிக்கிடுதேன்."

கனகம் டாக்டரம்மாவிடம் சொன்ன அதே பேச்சு, வேறொருத்தி வாயிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரிக் கதையை இவளுக்கு அவள் சொன்னதே இல்லை.

"நான் சொல்லிருக்கணும்டி" என்றாள். "துட்டு இல்ல, நின்னேன்னு உள்ளத சொல்லிருக்கணும்."

"சொன்னா மட்டும்? அதே வண்டி அன்னைக்கே வந்துருக்கும்" என்றாள் செல்வலட்சுமி. பிறகு கண்ணைச் சுருக்கிச் சிரிக்கப் பார்த்தாள். "அத விடுங்க. அஞ்சு நிமிசம்னுட்டுப் போனீங்க. வட்டியோட இப்ப எம்புட்டு ஆச்சி?"

"வந்து குடுக்கறேன்."

"எப்ப?"

"நாளிக்கி."

மறுநாள் பேக்கிங் ஷெட்டின் டீ நேரத்துக்கு மணி அடித்ததும் கனகம் டீ வாங்கவில்லை. முற்றத்தை வெயிலில் குறுக்காகக் கடந்து லைன் ஷெட்டின் கண்ணாடிக் கதவுக்கு வந்தாள். லைனுக்கு அது டீ நேரம் இல்லை, பலகைகள் நகர்ந்துகொண்டிருந்தன. தன் அடையாள அட்டையைக் கதவோரத்து மின்பூட்டுப் பெட்டியில் காட்டினாள். சிவப்பு. துடைத்துவிட்டுக் காட்டினாள். சிவப்பு.

ஜோதி எழுந்து வந்தாள். "இன்னா கனகா, இந்தப் பக்கம்? உன் கார்டு பேக்கிங்குக்குதான் தொறக்கும்."

"ஒரு கைமாத்து பாக்கி கீது ஜோதி. குடுத்துட்டு ஓடியாந்துடறேன்."

"இனிமே குடுக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திட்டியாமே?"

"குடுக்கறதத்தான் எழுதினேன். இது திருப்பித் தர்றது." கனகம் குரலைத் தாழ்த்தினாள். "உன் கார்ட ஒரு தபா காட்டேன். அஞ்சு நிமிஷம். கைமாத்தா நெனச்சுக்கோ."

ஜோதி தன் கழுத்து அட்டையைக் கையால் மூடிக்கொண்டு மேலே பார்த்தாள். கதவுக்கு மேல் கேமரா இருந்தது. "என் பொழப்புல மண்ணப் போடாதடி" என்றாள், கெஞ்சுகிற மாதிரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வலட்சுமியின் முதுகு தெரிந்தது. இடது தோளில் மஞ்சளாக ஒரு துண்டு. விளையாட்டா, நிஜமா, முகம் தெரியாமல் சொல்ல முடியாது. முகத்தைப் பார்த்தால் கனகத்துக்குத் தெரிந்துவிடும். உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினாள். தானே ஓடும் வண்டி பாடிக்கொண்டு நடுவில் வந்தது, போனது. செல்வலட்சுமி திரும்பவில்லை. திரும்பினால் ஒரு வயர் போய்விடும்.

பேக்கிங் ஷெட்டில் மணி அடித்தது.

"போ கனகா, உன்னியத் தேடப் போறாங்க" என்றாள் ஜோதி.

கனகம் நாலடி நடந்து திரும்பினாள்.

"அவ வெளிய வந்தா ஒன்னு சொல்லு."

"இன்னா?"

"அஞ்சு பாக்கி கீது, மறக்கலன்னு சொல்லு."